நாகலையின் மூக்கு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் பாவூர்சத்திரத்திலும் துணி காயாது. போன ஆண்டு அப்படியொரு மதியம், வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி ஈரத் துணிகளை விரித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த மகள் அந்தத் துணிகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ ஒரு நாட்டுக்கு அரசி. அவளுடைய மூத்த மகளைச் சதி செய்து கொன்ற கிழட்டுச் சிற்றரசன் ஒருவன் போரில் பிடிபட்டிருந்தான். திரையில் அவன் முகமும் பக்கத்தில் ஒரு பட்டியலும் இருந்தன. விடுவிக்கலாம், மீட்புப்பணம் கேட்கலாம், நாடுகடத்தலாம், சித்திரவதை செய்யலாம், கொல்லலாம்.

"என்னட்டி செய்யப் போற இவன?" என்று கேட்டேன்.

"சித்திரவதை பண்ணப் போறேன்மா."

"நல்லா பண்ணு" என்றேன். கையிலிருந்த பாவாடையை உதறிக்கொண்டே சொன்னேன். சொல்லும்போது ஒரு இனிப்பு இருந்தது. பிள்ளையைக் கொன்றவன் அல்லவா.

அவள் அழுத்தினாள். இரண்டு வரி எழுத்து வந்தது. மூலையில் ஒரு எண் ஏறியது. அது என்ன எண் என்று கேட்டேன். "அச்சம்மா. என்னைக் கண்டு மத்தவன்லாம் எவ்வளவு பயப்படுதான்னு கணக்கு. இது கூடிச்சின்னா எவனும் கலகம் பண்ண மாட்டான்."

விளையாட்டின் பெயர் குரூசேடர் கிங்ஸ். அவள் ஆடியது அதன் மூன்றாம் பதிப்பு, 2020இல் வந்தது. செய்தது சுவீடன் நாட்டு நிறுவனம். ஐரோப்பாவும் நம் நாடும் அதன் வரைபடத்துக்குள் இருக்கின்றன. அரசனாகவோ அரசியாகவோ பிறந்து, மணந்து, பெற்று, சதி செய்து, செத்து, அடுத்து வாரிசாக எழுந்து ஆடிக்கொண்டே போகலாம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நினைத்த அளவுக்கு அது முரட்டு விளையாட்டு இல்லை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் உண்டு. இரக்க குணம் உள்ளவரை வைத்து ஆடினால், கைதியைக் கொன்றவுடன் அவருக்கு மன அழுத்தம் ஏறும். அது மிஞ்சினால் குடி, நோய், பித்து என்று போகும். கொடூர குணம் உள்ளவருக்கோ அதே செயலால் மன அழுத்தம் இறங்கும். காரணமில்லாமல் கொன்றால் கொடுங்கோலன் என்ற பெயர் சேரும். செய்பவரின் மனசாட்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செய்யப்பட்டவரின் பக்கம் என்ன இருக்கிறதென்றால், அவருடைய உறவினருக்கு நம்மேல் வெறுப்பு சில புள்ளிகள் கூடும். அவ்வளவுதான்.

"எந்த வருஷத்துல நடக்குது இது?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து அறுபத்தாறுல தொடங்குதும்மா."

1066. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த ஆண்டு. விளையாட்டு அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணமும் அதுதான். தமிழ் படித்தவளுக்கு அந்த எண் வேறொன்றைச் சொல்லும். அந்த ஆண்டில் சோழ அரியணையில் இருந்தவன் வீரராசேந்திரன். இரண்டு கொடிகளுக்கு நடுவில் ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு, பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. நாகலை.

வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அவள் வருகிறாள். சாளுக்கிய ஆகவமல்லன் வேங்கி நாட்டுக்கு அனுப்பிய படையின் தலைவன் சாமுண்டராசன். சோழன் அந்தப் படையை முறித்து அவன் தலையை அறுத்தான். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாமுண்டராசனுக்கு ஒரே மகள். இருகையன் என்பவனின் தேவி. மயில் போன்ற சாயல் உடையவள். அந்த நாகலையின் முகத்திலிருந்து மூக்கைப் பிரித்தான். கருவூரில் இருக்கும் கல்லில் இது வெட்டப்பட்டிருக்கிறது. எதிரி எழுதிவைத்த குற்றச்சாட்டு அல்ல இது. செய்தவனே தன் புகழாகச் சொல்லிக்கொண்டது.

அந்தப் பகுதியை நான் எப்படி நடத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். மெய்க்கீர்த்தியின் இலக்கணம் சொல்வேன். அகவல் நடை சொல்வேன். முதலாம் ராசராசன் தொடங்கிவைத்த மரபு, கல்வெட்டு முழுவதும் அழிந்தாலும் மெய்க்கீர்த்தியின் தொடக்கத்தைக் கொண்டு அரசனை அடையாளம் காணலாம் என்பேன். அதன் பிறகு வெற்றிப் பட்டியல். நாகலை அந்தப் பட்டியலில் ஒரு வரி. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அவள் தோதானவள். ‘சாமுண்டராசன் மகள் பெயர் யாது?’ நானே அந்த வினாவை எடுத்திருக்கிறேன். என் மாணவிகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். பல பிள்ளைகள் தாங்களும் சொளவை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டேதான் பாடம் படிப்பார்கள். அவர்கள் அந்த விடையை மனப்பாடம் செய்து எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிப் போனார்கள். மூக்கறுபட்ட பெண்ணின் பெயர் தெரிந்ததற்கு இரண்டு புள்ளி.

ஆக, எண் ஏறுவது மகளின் திரையில் மட்டும் இல்லை.

தேடிப் பார்த்தால் நாகலை தனியாள் அல்ல. வீரராசேந்திரனின் அண்ணன் முதலாம் ராசாதிராசன். கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடி 1054இல் செத்தவன். அவன் மெய்க்கீர்த்தியில் ஈழத்து அரசன் ஒருவனின் குடும்பப் பெண்கள் பிடிக்கப்படுகிறார்கள். அவன் தாயின் மூக்கு அரியப்படுகிறது. அதே ராசாதிராசனிடம் ஆகவமல்லன் அனுப்பிய ஆட்கள் சிக்கினார்கள். ஒருவனுக்குத் தலையை ஐந்து குடுமியாகச் சிரைத்தார்கள். இன்னொருவனுக்குப் பெண் உடை உடுத்தி, ஆகவமல்லி என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு ஆணை உயிரோடு விட்டுக் கொல்ல வேண்டுமென்றால் அவனைப் பெண்ணாக்கினால் போதும் என்பது அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. இன்றைக்கும் மேடையில் ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்கு வளையல் அனுப்பட்டுமா என்று கேட்டால் கூட்டம் கைதட்டுகிறது. ஆயிரம் ஆண்டாக ஆகவமல்லி நடந்துகொண்டேதான் இருக்கிறாள்.

இன்னும் முன்னால் போனால் பதிற்றுப்பத்தின் பதிகங்கள். இமயவரம்பன் யவனரைப் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றினான். நெய் எதற்கு என்று உரைகள் பலவிதமாகப் பேசும். ஆனால் அது அபிஷேகம் இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். செங்குட்டுவன் பழையனின் காவல் வேம்பை வெட்டினான். அந்த மரத்தை யானை கட்டி இழுக்க வேண்டும். கயிறுக்கு எங்கே போவது? கணவரை இழந்து நகை களைந்து நின்ற பெண்களின் கூந்தலை அறுத்துத் திரித்தார்கள். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கயிற்றுக்கா பஞ்சம் என்று இந்தப் பாடத்தின்போது ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கயிறு கிடைக்காமல் யாரும் கூந்தலை அறுக்கவில்லை.

என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான். ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டை வெட்டும். தாயத்தில் நாம் அடுத்தவர் காயை வெட்டுவோம். வெட்டிய காய் மறுபடி முதலிலிருந்து புறப்பட வேண்டும். ‘வெட்டு’ என்ற சொல்லைச் சின்ன வயசிலிருந்து கூசாமல் சொல்லி ஆடியிருக்கிறோம். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் வெட்டுவது ஆட்டத்தின் பாகம். நான் வெட்டாவிட்டால் நீ வெட்டுவாய். ஆனால் வெட்டிய காயைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு அதை என்ன செய்யலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. பல்லாங்குழியில் அள்ளிய முத்தைச் சுட்டுப் பார்க்கிறவள் உண்டா?

இந்த அரசாட்ட விளையாட்டுகளில் மட்டும் வெட்டு முடிந்த பிறகு ஒரு பட்டியல் திறக்கிறது. போர் முடிந்துவிட்டது. பிடிபட்டவன் கையில் ஆயுதம் இல்லை. அவனால் இனி ஒரு அடியும் எடுத்து வைக்க முடியாது. போட்டி அங்கே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் மிச்சம். 2006இல் வந்த மெடீவல் டோட்டல் வார் இரண்டாம் பாகத்தில் இது இன்னும் சுருக்கம். சண்டை முடிந்ததும் மூன்றே பொத்தான்கள்: விடு, பணம் கேள், கொல். விட்டால் பெருந்தன்மை, கொன்றால் பயங்கரம் என்று தளபதியின் பேர் மாறும். என் அண்ணன் மகன் ஆடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கைதிகளே கிடையாது. 2022இல் அதில் திராவிடர் என்றொரு இனத்தையும் ராசேந்திர சோழன் படையெடுப்பையும் சேர்த்தார்கள். அவன் குதித்த குதி சொல்லி மாளாது. அதில் அடிபட்டவன் விழுந்து மண்ணோடு மங்கிப் போகிறான். பெண்களைப் பிடித்து வருவது இல்லை. ஒரு விதத்தில் அது கூடுதல் பொய். ராசேந்திரனின் போரைக் காட்டிவிட்டு அந்தப் போரில் பிடிபட்டவர்களைக் காட்டாமல் விடுவது.

அந்தப் போரைப் பற்றி எதிரி வெட்டிய கல் ஒன்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் ஹொட்டூரில், 1007இல், சாளுக்கிய சத்தியாசிரயன் காலத்துக் கல்வெட்டு. ராசராசனின் மகன் ஒன்பது லட்சம் படையோடு வந்தான், நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றான், பெண்களைப் பிடித்துச் சாதியைக் கெடுத்தான் என்கிறது. ஒன்பது லட்சம் என்பதைத் தள்ளிவிடலாம். தோற்றவன் வென்றவனின் படையைப் பெருக்கித்தான் சொல்வான். என் கண்ணில் பட்டது கடைசிப் பகுதி. அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பது புகார் இல்லை. சாதிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் புகார். வென்றவனின் கல்லில் அவள் பரிசு. தோற்றவனின் கல்லில் அவள் கெட்டுப்போன சொத்து. இரண்டு கல்லிலும் அவள் பேசவில்லை.

பிடித்து வந்தவர்களை வைக்க வேளம் இருந்தது. சோழர் தலைநகரங்களில் அரசி பெயரிலும் அரசன் பெயரிலும் வேளங்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தப் பெண்கள் வெறும் அந்தப்புர அழகிகள் அல்லர், பெரும்பாலும் போரில் கொள்ளப்பட்டுப் பணிக்கு வைக்கப்பட்டவர்கள் என்று வரலாற்றாய்வாளர் தாவூத் அலி எழுதியிருக்கிறார். நம் சரித்திர நாவல்களில் வேளம் வந்தால் சந்தன மணமும் சிலம்பு ஒலியும் சேர்ந்து வந்துவிடும். கலிங்கத்துப் பரணியின் கடைதிறப்பில் கருநாட்டுப் பெண்கள் வருகிறார்கள். பாதி தங்கள் மொழியும் பாதி தமிழுமாகக் குழறுகிறார்கள். அந்தக் குழறலை மழலை என்று ரசிப்பார் செயங்கொண்டார். உரையாசிரியர்களும் நயம் என்றார்கள். நானும் நயம் என்று நடத்தினேன். அந்த ஊர்ப் பெண்கள் சோழ நாட்டுத் தெருவில் வந்து அரைகுறைத் தமிழ் பேசும்படி ஆனது எப்படி என்று ஒரு வருஷமாவது கேட்டிருக்கலாம்.

மகளின் விளையாட்டில் இதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. நாம் ஆடும் அரசன் அதற்கு இடம்கொடுக்கும் சமயத்தைச் சேர்ந்தவனாக இருந்தால், சிறைப்பட்ட பெண்ணை வைப்பாக எடுத்துக்கொள்ளலாம். சித்திரவதை என்ற பொத்தானுக்காவது அதன் பேர் இருக்கிறது. இது ஏதோ கல்யாண வீட்டுச் சடங்குபோலப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. அவளிடம் காட்டினேன். "அது நான் தொட்டதில்லம்மா" என்றாள் வேகமாக. ஏன் என்றேன். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தொட்டதில்லை.

ஆஸ்திரேலியாவில் தத்துவம் கற்பிக்கும் மார்கன் லக் என்பவர் 2009இல் இதையொட்டி ஒரு சிக்கலை எழுப்பினார். விளையாட்டில் கொலை செய்வதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நிசத்தில் யாரும் சாகவில்லையே என்கிறோம். அதே விளையாட்டில் ஒரு குழந்தையைப் பாலியல் வன்முறை செய்யலாம் என்றால் கூசுகிறோம். அங்கேயும் நிசத்தில் குழந்தை இல்லையே. ஒன்று இரண்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டையும் விலக்க வேண்டும். நடுவில் கோடு கிழிப்பது எதை வைத்து என்று கேட்டார். பலர் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முழுசாகச் சரியென்று பட்ட பதில் இல்லை. ஆனால் என் மகளின் விரல் ஒரு பொத்தானில் நின்றதையும் இன்னொரு பொத்தானில் நிற்காததையும் பார்த்தேன். ஒரு காரியத்தால் யாருக்கும் வலிக்கவில்லை என்பதால் மட்டும் அது ஒன்றுமில்லாதது ஆகிவிடாது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டுக்காரர்கள் சொல்லும் இரண்டு சமாதானங்களில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. சித்திரவதை எதற்கு என்றால், ‘அந்தக் காலத்தில் அப்படித்தான், வரலாறு’ என்பார்கள். அதில் ரசனை எதற்கு என்றால், ‘வெறும் விளையாட்டு, நிசமா என்ன’ என்பார்கள். நிசம் என்பதால் வைத்தோம், நிசமில்லை என்பதால் ரசித்தோம். தமிழ்ப் பேராசிரியர்கள் நாங்களும் இதே இரண்டு காலில்தான் நிற்கிறோம். பரணியில் பேய்கள் பிணத்தைக் கூழாக்கி அடுகின்றனவே என்றால், அது கவி மரபு, கற்பனை. சோழன் கடாரம் வென்றதும் கற்பனையா என்றால், இல்லையில்லை, அது வரலாறு.

இவ்வளவையும் மகளிடம் கொட்டியபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எம்மா, என் கிழவனுக்கு வலிக்கவே இல்ல. உன் நாகலைக்கு வலிச்சிருக்கும்லா. ரெண்டுல எதுக்கு நீ வெக்கப்படணும்?"

அவள் பக்கம்தான் நியாயம். அந்த விளையாட்டு அவளைக் கொடுமைக்காரி ஆக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. கன்றுக்குட்டிக்கு முட்டு வலிக்குமென்று கயிற்றைத் தளர்த்திக் கட்டுகிறவள் அவள். அந்த விளையாட்டைத் தடைசெய் என்றும் நான் சொல்ல வரவில்லை. என்னை உறுத்தியது அவள் அழுத்திய பொத்தான் அல்ல, நான் சொன்ன ‘நல்லா பண்ணு’.

அந்த வார்த்தையை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன். 2019 டிசம்பர் 6 காலை. ஐதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரை வன்கொலை செய்ததாகப் பிடிபட்ட நான்கு பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அங்கே மக்கள் போலீசார்மேல் பூத்தூவினார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பொள்ளாச்சி. அந்தக் குரலைக் கேட்டு நாங்கள் எல்லாரும் நொந்து கிடந்தோம். கல்லூரி ஓய்வறையில் ஒரு தோழி செல்போனைத் தூக்கிக் காட்டினாள். "நல்லா செஞ்சாங்க" என்றேன். வகுப்புக்குப் போனால் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அறுத்து விடணும் மேடம், அப்பதான் பயம் இருக்கும் என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி. பயம். எந்த எண் ஏற வேண்டும் என்பதில் அவளுக்கும் விளையாட்டுக்கும் வேறுபாடு இல்லை. நான் மறுக்கவில்லை. பெண்ணியம் பேசுகிறவள், 2013இல் வர்மா குழு தூக்குத் தண்டனையையும் ஆண்மை நீக்கத்தையும் ஏன் வேண்டாமென்றது என்று கட்டுரைகள் படித்தவள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பூத்தூவியவர்களில் எத்தனை பெண்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்துக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றது. நால்வரில் மூவர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது ஓய்வறையில் யாரும் செல்போனைத் தூக்கிக் காட்டவில்லை.

பிடிபட்டவனை என்ன செய்யலாம் என்பது ஐதராபாத்துக் கேள்வி மட்டும் இல்லை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று அழைத்துப்போன அப்பனும் மகனும், ஜெயராஜும் பென்னிக்சும், திரும்பி வரவில்லை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், எங்கள் ஊரிலிருந்து கடையம் வழியாகப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்களைப் பிடுங்கினார்கள் என்ற புகார் வெளிவந்து வழக்கானது. அந்த வாரம் எங்கள் தெருக் காய்கறி வண்டியருகில் பேச்சு நடந்தது. "களவாணிப் பயலுவளுக்கு அப்படித்தான் செய்யணும், இல்லன்னா அடங்குவானுவளா" என்றாள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா. நல்ல மனுஷி. என் பிரசவத்துக்கு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவள். நான் அவளைவிட எந்த விதத்தில் மேல்? அவளுக்குக் களவாணி, எனக்கு வன்கொலையாளி. ஆளுக்கொரு கைதி நமக்குப் பிடித்தமாதிரி.

பெண்கள் நமக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. இந்த அதிகாரத்தை எவனுக்காவது நாம் கொடுத்தால் அது எங்கே வந்து நிற்கும் என்பது நம் உடம்பில் எழுதியிருக்கிறது. 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டை தேடி நுழைந்த அரசு ஊழியர்கள் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். ஊரையே பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களும் அன்றைக்குக் கைதிகள்தான். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. மூக்கை அறுக்கும் கத்தியை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, கெட்டவனுக்கு மட்டும் பயன்படுத்து என்று சொல்லி அனுப்ப முடியாது. மதுரை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மூக்கறுத்தது, பதிலுக்கு மதுரைப் படை மூக்கறுத்தது. மூக்கறு போர் என்றே அதற்குப் பெயர். நம் பேச்சிலும் அவமானப்பட்டவன் ‘மூக்கறுபட்டான்’. சொல்லும்போது யாருக்கும் ரத்தம் தெரிவதில்லை.

வள்ளுவர் இந்த எண்ணுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஐம்பத்தேழாவது, வெருவந்த செய்யாமை. அச்சத்தை நம்பி ஆள்பவன் சீக்கிரம் கெடுவான் என்பார். கௌடில்யரும் மிகக் கடிய தண்டனை குடிகளை வெறுக்கச் செய்யும், மிக மெல்லியது இகழச் செய்யும் என்று அளவு பார்ப்பவர். இருவரும் அரசனுக்குச் சொன்ன யோசனைகள் இவை. அவனுக்கு எது லாபம் என்ற பேச்சு. வள்ளுவரே கொலைகாரனைக் கொல்வதைக் களையெடுப்பு என்று ஏற்றவர்தான். நாகலையின் முகம் இந்த யோசனைகளுக்குள் வராது.

முகத்தைக் காட்டியவர் ஒருவர் உண்டு. புறநானூற்றில் கோவூர் கிழார். கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து யானையின் காலில் இடப்போகிறான். பகைவனின் வித்து, வளர்ந்தால் நாளைக்கு வாள் எடுக்கும். விளையாட்டுக் கணக்கில் அது சரியான நகர்த்தல். புலவர் போய் நிற்கிறார். உன் குலம் புறாவுக்காகத் தன்னைத் தந்த குலம் என்று ஒரு வரி புகழ்கிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார் என்கிறார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழ மறந்துவிட்டன. பழக்கமில்லாத இந்தக் கூட்டத்தை மிரண்டு மிரண்டு பார்க்கின்றன. யானை வந்தால் எந்தப் பிள்ளையும் அழுகையை நிறுத்தும். கோயில் யானை தெருவில் வரும்போது நம் இடுப்பிலிருந்த பிள்ளைகள் அப்படித்தான் வாயடைத்துப் பார்த்தன. தன்னைக் கொல்ல நிற்கும் யானையை வேடிக்கை பார்க்கிறது பிள்ளை. இவ்வளவுதான் புலவர் சொன்னது. செய்யாதே என்று சொல்லவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததென்றால், இனி உனக்குப் பிடித்ததைச் செய் என்று முடித்துக்கொண்டார். பொத்தான்களை அரசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், முகத்தைப் பார்த்த பிறகு அழுத்தச் சொல்லி. பாட்டின் கீழ்க் குறிப்பு அந்தப் பிள்ளைகள் பிழைத்ததாகச் சொல்கிறது.

எல்லாக் கைதிகளுக்கும் புலவர் வாய்க்கவில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டான். காவலர்கள் தாமதித்துக் கொண்டுவந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை, செத்தான். யாரும் அவனை அடித்ததாகச் செய்தியில்லை. நேரத்துக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, அவ்வளவே.

இந்தப் பருவத்தில் மெய்க்கீர்த்திப் பாடம் வந்தபோது நாகலை வரியில் நின்றேன். பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் யார், யாருக்கு மகள், யார் செய்தது, அதைக் கல்லில் வெட்டியவன் எதற்காக வெட்டினான் என்று சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பின் பெஞ்சில் ஒரு பிள்ளை, விரல்நுனியில் பீடித்தூள் மஞ்சள் ஏறியவள், எழுந்து கேட்டாள்: "அதுக்கப்புறம் அவ எத்தன வருஷம் இருந்தா மேடம்? புருஷன் சேத்துக்கிட்டானா?" கல்வெட்டில் அது இல்லை என்றேன். உட்கார்ந்துகொண்டாள். பேனாவை மூடிவிட்டு அந்த மணி முழுவதும் எதையும் எழுதவில்லை. இந்த முறை வினாத்தாளில் சாமுண்டராசன் மகள் பெயரை நான் கேட்கவில்லை. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவும் இல்லை. மனப்பாடம் செய்ய முடியாதபடி ஒரு கேள்வி எடுப்பது லேசு இல்லை.

மகள் விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டாள். போன வாரம் ராத்திரி வாட்சப்பில் ஒரு குறுஞ்செய்தி. "எம்மா, அந்தக் கிழவன் ஜெயிலுக்குள்ளயே செத்துட்டான். அதுக்கப்புறம் நான் அவன ஒண்ணுமே செய்யலம்மா, சத்தியமா."

"தண்ணி கொடுத்தியாட்டி?" என்று கேட்டேன்.

பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "அதுக்குப் பட்டன் இல்லம்மா."